பெயர் சொல்லாமல் ஒரு ஜெபம்

பொறுமையைப் பற்றி எனக்குப் போதித்தவர்கள் அத்தனை பேரும் கலியாணம் முடித்தவர்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டவன் உபவாசத்தின் மகிமையைப் பேசலாம், தப்பில்லை. பேசும்போது ஏப்பம் விடாமலாவது இருக்கலாம். எங்கள் தோட்டத்து உபதேசியாருக்கு ஏழு பிள்ளைகள். ஏழாவதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டேதான் அவர் எனக்கு இச்சையடக்கம் சொல்லிக்கொடுத்தார்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுப்பதும், பகலில் மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களை மேய்ப்பதும், கொழுந்து மடுவத்தில் அவர்களுடைய கூடைகளை நிறுப்பதும் வேலை. வயது முப்பதைத் தட்டிக்கொண்டிருந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி எங்கள் ஆட்களிடமிருந்து ஓட்டுரிமையைப் பிடுங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆக எனக்கு ஓட்டும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை. ஓட்டு இல்லாததற்கு அரசாங்கத்தைத் திட்டலாம். பெண்டாட்டி இல்லாததற்கு யாரைத் திட்டுவது என்று யோசித்துப் பார்த்தபோது சபை மூப்பர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

தோட்டத்து ஆலையான ஸ்டோரில் தேயிலையைச் சலிப்பதுபோல அவர்கள் எனக்குப் பெண் சலித்தார்கள். முதல் சல்லடை, பெண் கிறிஸ்தவளாக இருக்க வேண்டும். சுற்றியுள்ள தோட்டங்களில் பாதிக்குமேல் அதிலேயே நின்றுவிடும். அடுத்தது, நம்ம சபையாக இருக்க வேண்டும். கடைசிச் சல்லடையைப் பற்றி யாரும் பலிபீடத்துக்கு முன்னால் நின்று பேசுவதில்லை. வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "நம்ம ஆளுங்களா இருக்கணும்ல" என்பார்கள். மூன்றும் முடிந்தபோது கீழே தூள்கூட விழவில்லை. "பொறுமையா இருங்க தம்பி, கர்த்தர் ஏற்ற காலத்துல குடுப்பாரு" என்றார்கள். கர்த்தர் கொடுத்ததையெல்லாம் சல்லடையில் நிறுத்திவிட்டுச் சொன்னார்கள்.

இந்த நிலையில்தான் எனக்குக் காலண்டர் வந்து சேர்ந்தது.

நோர்வூட்டில் நான் சாமான் வாங்கும் கடை ஒரு முஸ்லிம் நானாவுடையது. வருடப் பிறப்புக்கு வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காலண்டர் கொடுத்தார். அதில் ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு பாதி திரும்பி நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் எந்தப் பக்கம் போனாலும் என்னைத்தான் பார்த்தாள். குடத்தில் தண்ணீர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் கண் போகவில்லை.

சிரிக்காதீர்கள். சரி, சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் தனியறையில், மாலை நாலு மணிக்கே பனி வந்து சன்னலை மூடிவிடும் ஊரில், ஒரு மனிதனைப் பார்த்து ஒழுங்காகச் சிரிக்கும் ஒரே ஜீவன் காலண்டரில் இருந்தால் அவன் மனது எங்கே போகும்? போகக்கூடாத இடத்துக்குத்தான் போயிற்று. நான் விசுவாசி. போனதென்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததால் இரட்டிப்பு வேதனை. படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். தேதி பார்க்க வேண்டுமென்றால் மறுபடி திருப்ப வேண்டும். அந்தக் காலத்தில் எனக்கு அடிக்கடி தேதி பார்க்க வேண்டியிருந்தது. பிறகு கோதுமை மாவுப் பசை காய்ச்சி, படத்தின்மேல் பழைய பத்திரிகை ஒன்றை ஒட்டினேன். ஒரு வாரத்தில் கரப்பான்கள் பசையைத் தின்று பத்திரிகையைக் கழுத்து வரை இறக்கிவிட்டன. சாத்தானுக்குக் கரப்பான் உருவமும் உண்டு என்பதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

கேட்டதெல்லாம் கண்ணைப் பற்றித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் கண்ணடக்கம் குறித்து நீளமாகப் பேசினார். குற்றவாளியைப்போல வீடு திரும்பிய நான், இனிமேல் பெண்களையே பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தேன். பெண்களைப் பார்க்காமல் கொழுந்து நிறுக்க முடியாது என்பது மூளையுள்ள எவனுக்கும் தெரியும். கூடைக்குள் கையை விட்டுப் புரட்டி, முற்றல் இலை இருக்கிறதா, காம்பு கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எடுத்தவளிடம் நேருக்கு நேர் கேட்க வேண்டும். நானோ தராசு முள்ளைப் பார்ப்பேன், பிறகு தரையைப் பார்ப்பேன். வரிசையில் வந்து போவதெல்லாம் எனக்குப் பாதங்கள்தான்.

இரண்டே நாளில் பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். "ஐயா விரதம் போல" என்று ஒருத்தி சொல்ல, மடுவமே சிரித்தது. முற்றலும் காம்புமாக ஸ்டோருக்குப் போயிற்று. பெரிய துரை கூப்பிட்டனுப்பினார். ஒரு பிடி இலையை என் முகத்துக்கு நேராக நீட்டி, இது தேயிலையா மாட்டுக்குப் புல்லா என்று தோட்டத்துத் தமிழில் கேட்டார். ஆத்துமாவைக் காப்பாற்றப் போய் வேலைக்கு உலை வைத்துக்கொண்டேன்.

அப்படித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மழை நாளில்தான் அது நடந்தது. தராசுக்கு முன்னால் வந்து நின்ற ஒரு பாதத்தில், கணுக்காலுக்கு மேலே, விரல் தடிமனுக்கு ஓர் அட்டை ரத்தம் குடித்து உப்பியிருந்தது. "இந்தாம்மா, காலுல அட்டை" என்றேன். அவ்வளவுதான். அந்தப் பெண் குனிந்து, மடியிலிருந்த சுண்ணாம்பைத் தொட்டு வைத்துவிட்டுப் போனார். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. பிறகுதான் அது யாரென்று தெரிந்தது. புருசன் இந்தியாவுக்குப் போகிறேன் என்று போய்க் கடுதாசி இல்லாமல் போனவன். தோட்டத்து வரிசை வீடுகளில் கடைசி லயத்தில், மாமியாரோடு ஒரே காம்பராவில், ஒற்றை அறையில் இருந்தார். வாய் திறந்து அதிகம் பேசாதவர்.

துரையின் ஏச்சுக்குப் பிறகு நான் உபதேசியாரிடம் போனேன். எனக்கு இச்சையான எண்ணங்கள் வருகின்றன என்று சொன்னேன். யாரைப் பற்றி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முப்பது வயது கணக்கப்பிள்ளை, நானா கடைக் காலண்டரிடம் தோற்றுக்கொண்டிருக்கிறான் என்று எந்த வாயால் சொல்வது? அவர் மூன்று வைத்தியம் சொன்னார். விடியற்காலையில் பீலித் தண்ணீரில் குளிப்பது. வெள்ளிக்கிழமை உபவாசம். எண்ணம் வரும்போதெல்லாம் உரக்க ஞானப்பாட்டுப் பாடுவது.

மலையிலிருந்து வந்து விழும் எங்கள் பீலித் தண்ணீரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாசி மாதம் விடியற்காலை அதன்கீழே நின்றால் எண்ணம் போகும், உண்மைதான். கூடவே மூச்சும் போகும். நான்காம் நாள் காய்ச்சலில் விழுந்தேன். காய்ச்சலில் குடத்துக்காரி இன்னும் தெளிவாகத் தெரிந்தாள். பாட்டு வேறு. அடுத்த வீட்டு மருந்துக்காரர் என் பக்தியைப் பார்த்து வியந்து, "ராத்திரி பகல்னு இல்லாம பாடுறீங்களே" என்று மெச்சினார்.

காய்ச்சல் விட்டு மலைக்குப் போன நாளில் என் காலிலேயே ஓர் அட்டை. அவசரத்தில் இழுத்தேன். விரலில் ஒட்டியது. உதறினேன். மறு கையில் ஒட்டியது. பக்கத்தில் நின்ற பெண்கள் தங்கள் கால்களில் சவுக்காரத்தைத் தேய்த்துக்கொண்டு தம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஏறினால் ஏறட்டும், விழும்போது விழட்டும் என்பதுபோல. எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. நான் எண்ணத்தை இழுத்து இழுத்து என் உடம்பெல்லாம் ஒட்டவைத்துக்கொண்டிருந்தேன். வந்தால், வந்துவிட்டாயா என்று கேட்டுவிட்டு, ஆண்டவரிடம் ஒரு வரியில் சொல்லிவிட்டு, கையிலுள்ள வேலையைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் ரத்தம் போகும். போகட்டும். அட்டை கடித்ததற்காக எவனும் காலை வெட்டிக்கொள்வதில்லை.

அப்படியே செய்தேன். மெல்ல மெல்லப் பிடி இளகியது. வராமல் இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். வந்து உட்கார்ந்து, கவனிப்பாரில்லாமல் எழுந்து போனது. எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் உபதேசியார் எனக்காக ஜெபித்தார்.

புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டம். எல்லோரும் கண் மூடியிருந்தோம். மழைக்காக, நோயாளிகளுக்காக, துரைமாருக்காக ஜெபித்து முடித்தவர், குரலில் ஒரு நடுக்கத்தை வரவழைத்துக்கொண்டார்.

"இந்தத் தோட்டத்துல கலியாணமாகாத ஒரு சகோதரன், ஆண்டவரே. கெட்ட இச்சையில தவிக்கிறான். பேரு வேணாம். ஒமக்குத் தெரியும்."

ஆண்டவருக்கு மட்டுமா தெரியும்? பள்ளிக்கூடப் பையன்களை விட்டால் எங்கள் சபையில் கலியாணமாகாத ஆண்கள் மொத்தம் மூன்று பேர். ஒருவர் எழுபதைத் தாண்டிய பழைய கங்காணி. அவருக்குப் பல்லும் இல்லை, பார்வையும் இல்லை. இன்னொருவன் போன மாதம் ஞானஸ்நானம் வாங்கிய கைக்குழந்தை. நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். சபை முழுவதும் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மருந்துக்காரரின் முகத்தில் மட்டும் ஒரு பெரிய வெளிச்சம். அத்தனை ஞானப்பாட்டுகளுக்கும் அவருக்கு அன்றுதான் அர்த்தம் கிடைத்தது.

மறுநாள் பெரட்டில் நான் ஆள் கணக்கெடுக்க வாயைத் திறந்தாலே சிரிப்பு. அதைத் தாங்கிக்கொண்டேன். என்னைப் பார்த்துச் சிரிப்பதில் எனக்கு யாரும் போட்டியில்லை, நானே சீனியர். ஆனால் பத்து மணித் தேத்தண்ணிக்குள் மலையில் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருந்தது. இச்சை என்றால் யார்மேல்? கணக்கப்பிள்ளை யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லையே. அப்போது யாருக்கோ ஞாபகம் வந்திருக்கிறது: அன்றைக்கு ஒருத்தியின் காலை மட்டும் பார்த்தாரே, அட்டை இருக்கிறதென்று சொன்னாரே. அவ்வளவுதான், முடிச்சுப் போட்டுவிட்டார்கள். புருசன் போனவள் வேறு. முடிச்சு இறுக்கமாகவே விழுந்தது.

அன்று மாலை மாமியார்க்காரி என் வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, ஒங்க சாமி கும்பிடுற எடத்துல எங்க வீட்டுப் பேச்சு ஏன் வருது?"

அவருடைய மருமகளுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, மாதா பிதா மேல் சத்தியம் என்றேன்.

"சரி. அப்ப யாரு?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.  அறைக்குள்ளே, பாதிப் பத்திரிகைக்கு மேலிருந்து குடத்துக்காரி என் முதுகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் தலையை ஆட்டினார். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதென்று அவருக்குத் தோன்றியது.

"எம் மவன் திரும்பி வந்து கேட்டா நா என்ன சொல்றது? ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்பறம் அவ சாமான தூக்கி வெளிய வச்சிருவேன்."

காம்பராவை விட்டுப் போனால் அந்தப் பெண் எங்கே போவார்? காம்பரா இல்லாதவளுக்குத் தோட்டத்துப் பேரேட்டில் பெயர் இல்லை. பெயர் கெட்டவளுக்கு அடுத்த தோட்டத்தில் வேலையும் இல்லை.

நான் உபதேசியார் வீட்டுக்கு ஓடினேன். ஏழாவது பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பெண்ணையும் குறித்து ஜெபிக்கவில்லை என்று லயத்துக்கு வந்து நாலு பேர் அறியச் சொல்லுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"தம்பி, பண்ணுன ஜெபத்த எப்புடித் திருப்பி எடுக்கிறது? அதோட அவங்க நம்ம சபையும் இல்ல. நீங்க பொறுமையா இருங்க. தன்னால அடங்கிரும்."

பொறுமை. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டபோது என் காது சூடாகிவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கு ஒரு வித்தியாசம் புரிந்தது. என் மனதில் வருகிற எண்ணத்தோடு நான் பொறுமையாக இருக்கலாம். அது என் காலில் ஏறிய அட்டை, என் ரத்தம். இன்னொருத்தியின் காலில் நானும் அவரும் சேர்ந்து அட்டையை ஏற்றிவிட்டு, பொறுமையாக இரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டால் அதற்குப் பெயர் பொறுமை இல்லை. என்ன பெயர் என்று இங்கே எழுதினால் அச்சில் போட மாட்டார்கள். உபதேசியாரிடம் அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலைப் பெரட்டு. பனி விலகவில்லை. தப்பு அடித்து எல்லோரும் கூடியாயிற்று. நான் கக்கத்தில் சுருட்டி வைத்திருந்த காலண்டரை எடுத்து, விரித்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். மேலே முகமும் கழுத்தும். கீழே கரப்பான் கடித்த பத்திரிகை.

"உபதேசியார் ஐயா எனக்காகப் பண்ணுன ஜெபம் எல்லாருக்கும் தெரியும். யாரு யாருன்னு கேட்டீங்கள்ல? இவதான். நோர்வூட் நானா கடையில இருந்து வந்தா. வேற எந்தப் பொண்ணு பேரையும் யாரும் இழுக்க வேணாம்."

 எழுந்த சிரிப்பில் தப்புக்காரன் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது. பெரிய கங்காணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துச் சின்ன துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். என் கையிலிருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன கணக்கப்பிள்ளை, தேதி தெரியல்லியா?" என்றார். தெரிகிறது துரை என்றேன்.

மாமியார்க்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். காலண்டரைக் கையில் வாங்கி, பத்திரிகையை நகத்தால் கிழித்து, மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் பார்த்தார்.

"காயிதமா?"

"ஆமாங்க."

"இந்த மூஞ்சிக்கா அம்புட்டு ஜெபம்?"

திருப்பிக் கொடுத்துவிட்டு மலைக்கு நடந்தார். ஞாயிற்றுக்கிழமை சாமான் எதுவும் வெளியே வரவில்லை. திங்கள், செவ்வாயிலும் வரவில்லை.

எனக்கு வேறு வகையில் வந்தது. சபைக்கு அவமானம் தேடிவைத்தேன் என்று உபதேசியார் ஹட்டனிலிருந்து வரும் போதகரிடம் சொல்லி, சில மாதம் எனக்குத் திருவிருந்து இல்லை என்றாக்கினார்கள். ஊர் கூட்டி ஜெபித்தவர் அப்பம் பிட்டார். உண்மையைச் சொன்னவன் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். மூப்பர்கள் மறுபடி சல்லடையை எடுக்கவே இல்லை. காலண்டர் மாப்பிள்ளைக்கு எவன் பெண் கொடுப்பான்? அந்தப் பட்டம் நான் தோட்டம் மாறிப் போன பிறகும் பஸ் ஏறி என் பின்னாலேயே வந்தது. அந்தப் பெண்ணிடம் வந்து, தவறாகப் பேசிவிட்டோம் என்று சபையிலோ லயத்திலோ ஓர் ஆள், ஒரே ஓர் ஆள் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. என் ஆத்திரத்தில் பெரும்பங்கு அதற்குத்தான். மிச்சம், எல்லாம் தெரிந்ததுபோல மலையில் சிரித்த அந்தச் சிரிப்புகளுக்கு.

நானும் சொல்லவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். சொல்லத்தான் நினைத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மடுவத்தில் அவருடைய முறை வந்தபோது, தொண்டையைச் செருமிக்கொண்டு, பழக்க தோசத்தில் தரையைப் பார்த்தேன். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குக்குக் கீழே அதே பாதங்கள். அட்டை கடித்த இடம் கறுத்துப் போயிருந்தது.

"ஐயா" என்றார். அவர் குரலை அவ்வளவு கிட்டத்தில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கோபமான குரல். "காலையில அத்தன பேருக்கு முன்னாடி அந்தக் காயிதத்த நிமுந்து பாத்தீங்க. எங்கள மட்டும் ஏன் குனிஞ்சு பாக்குறீங்க? நாங்க அதவிடக் கேவலமா?"

நிமிர்ந்தேன். வெயிலில் கறுத்த, தூக்கமில்லாத, சலிப்பேறிய ஒரு முகம். மூன்று நாள் ஊர் வாயில் அரைபட்ட முகம். எனக்கு எந்த எண்ணமும் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. மனுசரை முகம் பார்த்துப் பேசினால் எண்ணம் இவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்று உபதேசியாரின் மூன்று வைத்தியத்தில் எதிலும் இல்லை.

மன்னிப்பைச் சொல்லச் சொல் தேடினேன்.  அதற்குள் கை பழகிய வேலையைச் செய்தது. கூடைக்குள் விட்டுப் புரட்டினேன். அடியில் ஒரு கத்தை முற்றல். எடுத்து அவர் கண் முன்னாலேயே ஓரமாகப் போட்டேன்.

"இது ஆகாதும்மா."

அவர் அந்தக் கத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, இத்தனை நாள் கண்ணில்லாமல் இருந்துவிட்டு இன்றைக்கு என் கூடையில்தானா கண் வந்தது என்று ஆரம்பித்து, தராசிலிருந்து கூடையை இறக்கி முதுகில் மாட்டிக்கொண்டு, சரிவில் இறங்கிக் கண்ணுக்கு மறையும் வரை என்னைத் திட்டிக்கொண்டே போனார்.

வரிசையில் அடுத்தவள் வந்தாள். நிமிர்ந்து பார்த்து, நிறுத்தேன்.